பன்பாயில் வந்த டீச்சர்

எங்கள் முன்பள்ளியில் ஒரு காலத்தில் ஒரு கடிகாரன் இருந்தான். கடிகாரம் இல்லை, கடிகாரன். மூன்றரை வயது. தண்ணீர் வாளியடிதான் அவனுடைய இராச்சியம். அவனுக்கு முந்தி யாராவது கோப்பையை எடுத்தால் கையைப் பிடித்து ஒரு கடி. பல் பட்ட இடம் பகல் வரைக்கும் சிவந்து கிடக்கும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் உம்மாவுக்கு நான்தான் முகம் கொடுக்க வேண்டும்.

அந்த நாளில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அவனை இழுத்து வந்து கடிபட்ட பிள்ளைக்கு முன்னால் நிறுத்தி, "சொறி சொல்லு மனே" என்பேன். முதல் கிழமை வாயே திறக்கவில்லை. இரண்டாம் கிழமை மெல்லச் சொன்னான். மூன்றாம் கிழமை நான் எழும்பி வருவதற்குள்ளேயே கடித்த வாயால் சொல்லி முடித்துவிட்டு விளையாடப் போனான். நானும் பெருமைப்பட்டேன். நாலாம் கிழமை ஒரு பெண் பிள்ளை கோப்பையோடு நிற்கிறாள். இவன் அவளுக்குக் கிட்டப் போனான். மரியாதையாக "சொறி" என்றான். பிறகு கடித்தான்.

முற்பணம் கட்டிவிட்டுக் கடித்திருக்கிறான்.

வீட்டில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. ஒரு கடிக்கு ஒரு 'சொறி' என்று விலை போட்டுக் கொடுத்தவள் நான். கணக்கு அவனுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது. (எங்கள் எழுத்தில் 'சொறி' என்று எழுதினால் அது வேறு ஒரு வியாதி. இரண்டும் மேல்தோலோடு நிற்கும் சமாச்சாரம் என்பதால் நான் மாற்றி எழுதுவதில்லை.)

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் முன்பள்ளி டீச்சராகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இதற்கிடையில் எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை வெள்ளைப் பலகையில் பெரிதாக 'ஒத்துணர்வு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்கள். பிறருடைய நிலையில் தன்னை வைத்துப் பார்த்தல் என்று விளக்கமும் தந்தார்கள். நாற்பது டீச்சர்மாரும் கொப்பியில் எழுதினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த மூத்த டீச்சர் காதுக்குள் சொன்னா: "நாலு மாசமாக் கொடுப்பனவு வரல்ல. என்ட நிலையில ஆரும் தன்ன வச்சுப் பாத்தாங்களாகா?"

பயிற்சியில் மிச்சம் என்ன சொன்னார்கள் என்பது மறந்து போயிற்று. அவ சொன்னது மறக்கவில்லை.

எங்கள் உம்மம்மாவுக்கு ஒத்துணர்வு என்ற சொல் தெரியாது. வீட்டில் யாராவது யாரையாவது நோகடித்தால் அவ கேட்பது ஒரே கேள்வி: "அந்தப் புள்ளைக்கு எப்பிடி இரிந்திருக்கும்?" திட்டுவதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பா. பதில் சொல்லாமல் எழும்பிப் போகவும் முடியாது. எனக்குக் கொப்பி நிறையக் குறிப்பு இருக்கிறது. வகுப்பில் வேலை செய்வது அந்தக் கேள்விதான்.

ஆனால் எந்த வயதில் கேட்பது என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊரில் பலருக்கு ஒரு நம்பிக்கை. சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, வளர வளரத்தான் இரக்கம் வரும் என்று. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பிரசவ வார்ட்டில் ஒரு இரவு தங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கினால் பக்கத்துக் கட்டில் குழந்தையும் தொடங்கும். அது வெறும் சத்தத்துக்குப் பயந்து அழுவது இல்லை என்று 1971 இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்தில் செய்த அழுகைச் சத்தத்தைவிட இன்னொரு குழந்தையின் உண்மையான அழுகைக்குத்தான் பிறந்த குழந்தைகள் கூடுதலாக அழுதன. 2006 இல் வார்னகன், தோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் உடுப்புக் காயப்போடுவதுபோல் நடித்து, கொடியில் மாட்டும் கிளிப்பைக் கை தவறிக் கீழே போட்டார்கள். ஒருவரும் கேட்காமலே பிள்ளைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. இதற்கு ஆய்வு வேண்டுமா என்று என் தங்கச்சி கேட்டாள். அவளுடைய மகன் எடுத்துக் கொடுப்பான்தான், ஆனால் கிளிப்பை முதலில் வாயில் போட்டுவிட்டுத்தான் கொடுப்பான்.

ஆக, இளகுகிற மனம் பிறக்கும்போதே இருக்கிறது. பிறகு வருவது வேறு ஒன்று: எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது, எனக்கு வேண்டியது அவனுக்கு வேண்டாததாக இருக்கலாம் என்ற அறிவு. அது நாலு வயதை ஒட்டித்தான் வருகிறது. 1983 இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த விம்மர், பெர்னர் என்ற இருவர் ஒரு பொம்மையையும் சொக்கலேட்டையும் அலுமாரிகளையும் வைத்து இதைக் காட்டினார்கள். நான் எங்கள் வகுப்பில் தொதலை வைத்துச் செய்தேன். ஒரு பொம்மை தொதல் துண்டை நீலப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு வெளியே போகிறது. அது போனபிறகு ராத்தா பொம்மை வந்து தொதலைச் சிவப்புப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. போன பொம்மை திரும்பி வருகிறது. எந்தப் பெட்டியைத் திறக்கும்? மூன்று வயதுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து "சிவப்பு!" என்று கத்தினார்கள். தாங்கள் கண்டது பொம்மைக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். ஐந்தை எட்டிப் பிடிக்கிற ஒருத்தி மட்டும் அமைதியாக, "பாவம் டீச்சர், அது நீலப் பெட்டியத்தான் துறக்கும்" என்றாள்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. பொம்மைக்குத் தெரியாதது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு மனமும் இரங்கியிருக்கிறது. (ஒரு மூன்று வயதுக்காரன், அந்த ராத்தாதான் கள்ளி, அவவைப் பிடித்து அடிக்க வேண்டும் என்றான். அதுவும் ஒரு நியாயம்தான்.)

அதற்குப் பிறகு மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து "கல்நெஞ்சுக்காரன்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அவனுக்கு நெஞ்சு இருக்கிறது. அடுத்தவனுடைய தலைக்குள் எட்டிப் பார்க்கும் யன்னல்தான் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறந்துவிடுவது யார் என்பதில்தான் எங்கள் வேலை வருகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹொஃப்மன் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தண்டிப்பதை விடவும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் விடுவதை விடவும், நீ செய்தது மற்றவருக்கு என்ன செய்தது என்று பிள்ளைக்கு எடுத்துக் காட்டுவதுதான் உள்ளே இறங்கும் என்பார். உம்மம்மா எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடிகாரன் கதைக்கு வருகிறேன். 'சொறி'யை நிறுத்தினேன். கடிபட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் அவனையும் இருத்தி, "கண்ணப் பாரு. என்ன வருது?" என்று கேட்டேன். "தண்ணி" என்றான். "ஏன் வருது?" பதில் இல்லை. நாலைந்து நாள் இப்படியே போனது. அவன் தண்ணி என்பதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு ஒருநாள் அவனுடைய உம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி என்று விசாரித்தேன். அவ சொன்னபோது எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. வாப்பா கட்டாருக்குப் போய் ஒன்றரை மாதம். அழுவானே என்று இவனிடம் சொல்லாமல், இவன் நித்திரையில் கிடக்கும்போது விடியச்சாமம் வானேற்றி அனுப்பியிருக்கிறார்கள். எழும்பிப் பார்த்தால் வாப்பா இல்லை. "கடைக்குப் போனவர்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை ஒன்றரை மாதமாகக் கடையிலிருந்து வாப்பா வருவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

இந்தக் கரையில் இது ஒரு வீட்டின் கதை இல்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த முன்பள்ளியிலும் கேளுங்கள், கட்டார், சவூதி, குவைத் என்று பிள்ளைகள் தலைநகரம் தெரியாமலே நாடுகளின் பெயர் சொல்வார்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உண்டு, உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் உண்டு. வாப்பா லீவில் வந்து திரும்பிப் போன கிழமை பிள்ளை கோபமாக இருக்கும், அல்லது அசையாமல் இருக்கும். இப்போது எங்கள் வரவுப் பதிவில் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டு வைக்கிறோம், எந்த வீட்டில் யார் போயிருக்கிறார் என்று. ஒரு மாதம் அந்தப் பிள்ளையோடு குரல் உயர்த்துவதில்லை.

அவனுடைய முகத்தைப் பாரு, இவளுடைய முகத்தைப் பாரு என்று சொல்லிக்கொண்டிருந்த நான், கடித்தவனுடைய முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் அனஸ் (ரலி) அவர்களுடைய தம்பி, அபூ உமைர் என்ற சின்னப் பையன் வருவார். ஒரு சிட்டுக்குருவி வளர்த்தார், அது இறந்துபோனது. பையன் சோகமாக இருப்பதைக் கண்டு நபியவர்கள் அவரிடம் வந்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று ஓசை நயத்தோடு, பெரிய மனிதரிடம் கேட்பதுபோல் விளிப்பெயர் சொல்லிக் கேட்டார்கள். அவ்வளவுதான் சம்பவம். ஒரு ஊருக்கே தலைவர், போர், ஒப்பந்தம், வஹீ என்று எத்தனை பொறுப்பு. அதற்குள் ஒரு குருவியின் மௌத்துக்கு ஒரு பிள்ளையிடம் விசாரிக்க நேரம் இருந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து பயானில் கேட்டு வளர்ந்த கதைதான் இது. கடிகாரனுடைய உம்மாவோடு பேசிய அன்றைக்குத்தான் அது எனக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலையில் அவனைத் தூக்கி மடியில் வைத்துக் கேட்டேன்: "வாப்பா எங்க மனே?" கடை என்று சொல்ல வாயெடுத்தவன் அழுதான். நல்ல நேரம் அழுதான். அன்றைக்குக் கடிக்கவில்லை.

கடி முற்றாக நிற்க இன்னும் மூன்று மாதம் சென்றது. அதற்குள் பேச்சும் திருந்திவிட்டது. இதில் என் கெட்டித்தனம் எவ்வளவு, அவனுடைய வயது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஸ்டார் ஒட்டும் விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல காரியம் செய்த பிள்ளையின் நெற்றியில் பளபளக்கும் ஸ்டார் ஒட்டி அனுப்புவது எங்கள் பக்கத்தில் பெரிய வழக்கம். நானும் பெட்டி பெட்டியாக ஒட்டினவள். அதே வார்னகனும் தோமசெல்லோவும் 2008 இல் இன்னொன்று கண்டார்கள். உதவி செய்த சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் விளையாட்டுச் சாமான் பரிசாகக் கொடுத்துப் பழக்கினால், பரிசை நிறுத்தியபிறகு அவர்கள் உதவி செய்வது குறைந்துவிடுகிறது. ஒன்றும் வாங்காத பிள்ளைகள் முன்போலவே எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். இதை வாசித்த அன்று மிச்சமிருந்த ஸ்டார் பெட்டியை என் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். பெற்றார் சிலருக்கு மனக்குறைதான். ஸ்டார் இல்லாமல் வீட்டுக்கு வரும் பிள்ளை ஒன்றும் படிக்கவில்லை என்று அர்த்தமாம். மூன்று வயதிலேயே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் நிழல் விழுகிற ஊர் இது. "டீச்சர், ஏ பீ சீ எழுதுறாளா?" என்று கேட்காத உம்மா இல்லை. பக்கத்துப் பிள்ளை அழும்போது என்ன செய்தாள் என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இனிச் சொல்வது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

எங்கள் கரையை அறியாதவர்களுக்காக: பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரே வீதியில் ஊர்கள் கோத்துக் கிடக்கும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர். பாங்குச் சத்தமும் கோயில் மணியும் ஒரே காற்றில் வரும். மேடையில் ஏறுகிறவர்கள் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். குழலுக்குள் பிட்டும் பூவும் அடுக்கடுக்காகத்தான் இருக்கும், பிசைந்தால்தான் கலக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. எங்கள் முன்பள்ளியிலிருந்து பக்கத்துத் தமிழ் ஊர் முன்பள்ளிக்கு ஆட்டோவில் பத்து நிமிசம். இருபது வருடத்தில் ஒரேயொரு நாளைத் தவிர எங்கள் பிள்ளைகள் அந்தப் பிள்ளைகளைக் கண்டதில்லை.

2018 இல் அங்கே இருந்த டீச்சரும் நானும் பேசி, இரண்டு முன்பள்ளியையும் ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். பாட்டு, பேச்சு, ஒற்றுமை வாசகம் ஒன்றும் இல்லை. சிரட்டையும் மண்ணும் மட்டும். முதல் அரை மணித்தியாலம் இரண்டு பக்கமும் தனித்தனியாக மண்சோறு ஆக்கினார்கள். பிறகு எங்கள் பிள்ளை ஒருவன், மூன்று வயது, அங்கிருந்த ஒரு சின்னவளுக்கு முன்னால் போய் குந்திக்கொண்டு அவளுடைய நெற்றியையே பார்த்தான். சிவப்புச் சாந்துப் பொட்டு. எனக்கு நெஞ்சு பக்கென்றது, என்ன கேட்டு வைக்கப் போகிறானோ என்று. அவன் கேட்டது: "நோகுதா?"

காயம் என்று நினைத்திருக்கிறான். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல, அம்மா வெச்ச" என்றாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு அவளுடைய சிரட்டையில் மண் அள்ளிப் போட்டான். அங்கிருந்த டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தா. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் ஏப்ரலில் மறுபடி போவதாக இருந்தோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் வந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகளும் போனார்கள். ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருதில் அந்தக் குழுவினர் ஒளிந்திருந்த ஒரு வீடு வெடித்தது. சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர்ச்சனங்கள்தான். உள்ளே பெரியவர்களோடு பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் பிள்ளையை உயிரோடு வெளியே எடுத்தார்கள், மற்றப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். வெடிச்சத்தம் எங்கள் வீடுகளுக்கும் கேட்டது.

முன்பள்ளி திரும்பத் திறந்தபோது பாதிப் பேர்தான் வந்தார்கள். பாயில் இருந்து வீடு கட்டும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது நாலரை வயதுக்காரி ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "டீச்சர், அந்த வீட்டுல இரிந்த புள்ளைகள் பயந்திருப்பாங்களா?"

அந்தக் கிழமைகளில் ஊரில் யாருடைய வாயிலும் வராத கேள்வி அது. நாங்கள் எல்லாரும் வெட்கத்திலும் கோபத்திலும் பயத்திலும் இருந்தோம். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்கு யாரும் இல்லை என்று உலகத்துக்குச் சொல்வதிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நினைக்க ஒருவருக்கும் துணிவில்லை. இவளுக்கு இருந்தது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம் மகள். நல்லாப் பயந்திருப்பாங்க" என்றேன். "சேச்சில இரிந்த புள்ளைகளும்?" "அவங்களும்தான்." அவள் சரியென்று கட்டையை அடுக்கினாள். பின்னேரம் ஒரு உம்மா வந்து, பிள்ளைகளோடு இதெல்லாம் பேச வேண்டாம் டீச்சர் என்று சொன்னா. நான் பேசவில்லை, பிள்ளைதான் பேசினது என்றேன். அவவைக் குறை சொல்லவும் முடியாது. பயம்.

அந்தக் கடற்கரைப் பயணம் அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினையில் உண்ணாவிரதம், எதிர்ப்பு என்று ஊர் இரண்டாக நின்றது. பிறகு கொரோனா. அந்த டீச்சரும் இடம் மாறிப் போய்விட்டா. சாட்டுக்குக் குறைவில்லை. இதில் முதல் பிழை என்னுடையது, நான் திரும்ப அழைப்பு எடுக்கவில்லை.

எடுத்திருக்கலாம். போர்க்காலத்திலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. போல் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும், உளவள ஆலோசகரான யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து தொடங்கியது. 1990 படுகொலைகளின் இரத்தம் இரண்டு பக்கத்துக்கும் காயாத காலம். அந்த நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, மண் குழைக்கவும் வர்ணம் பூசவும் கதை சொல்லவும் நாடகம் போடவும் விட்டார்கள். முன்பள்ளி வயதைத் தாண்டிய பிள்ளைகள்தான், ஆனாலும் எனக்கு அதில் பிடித்தது ஒன்று. சமாதானம் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. சேர்ந்து அழுக்காக ஒரு இடம் கொடுத்தார்கள்.

அந்த 'இடம் கொடுப்பது' என்ற யோசனையோடுதான் 2022 க்குள் வந்தோம். அந்த வருடத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லை. முன்பள்ளியில் அது காலைச் சாப்பாட்டுப் பெட்டியில் தெரிந்தது. முந்தி முட்டை ரொட்டி வந்த பெட்டியில் வெறும் ரொட்டி. ரொட்டி வந்த பெட்டியில் இரண்டு பிஸ்கட். ஒரு பிள்ளை பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையை உள்ளே விட்டு, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டான். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. சாப்பிடுவதுபோல் வாயை அசைத்திருக்கிறான்.

அடுத்த நாள் என் வீட்டுச் சகனைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் கந்தூரியிலும் கலியாணத்திலும் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டு. வெளியூர்க்காரர்களுக்குப் புதினமாக இருக்கும், எங்களுக்குச் சகன் சாப்பாடு என்றால் எச்சில் ஊறும். எல்லாப் பெட்டியையும் அதில் கொட்டினோம். பிட்டு, ரொட்டித் துண்டு, அவித்த கடலை, வாழைப்பழம், பிஸ்கட். யார் கொண்டுவந்தது எது என்று ஒருவருக்கும் தெரியாது. கை கழுவிவிட்டு ஆறாறு பேராகச் சுற்றி இருந்தார்கள். சகனில் ஒரு ஒழுங்கு உண்டு: உனக்கு முன்னால் இருப்பதை எடு, நல்ல துண்டை மற்றவர் பக்கம் தள்ளிவிடு. எங்கள் வாப்பாமார் பேசாமல் செய்கிற வேலை அது. பிள்ளைகள் முதல் கிழமை பிடுங்கினார்கள். மூன்றாம் கிழமை ஒருத்தி வாழைப்பழத் துண்டைப் பக்கத்திலிருந்தவனுடைய பக்கம் தள்ளிவிட்டு, தன் உம்மா வீட்டில் சொல்வதுபோலவே, "தின்னு வாப்பா, நீ மெலிஞ்சு போய்ட்டாய்" என்றாள்.

சுகாதாரம் என்ன என்று ஒரு அதிகாரி கேட்டார். சரியான கேள்விதான். பிறகு ஆளுக்கொரு சின்னத் தட்டு வைத்துச் சகனிலிருந்து பகிர்ந்தோம். ருசி கொஞ்சம் குறைந்தது.

அதே வருடத்தில்தான் குழந்தையும் வந்தது. கொரோனாப் பூட்டில் வீட்டில் கிடந்தபோது போனில் வாசித்திருந்தேன், கனடாவில் மேரி கோர்டன் என்பவர் 1996 இல் டொரொன்டோவில் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பற்றி. சில மாதக் குழந்தையை அதன் பெற்றாரோடு வகுப்பறைக்குக் கொண்டுவருகிறார்கள், ஒரு கல்வியாண்டில் ஒன்பது முறை. பச்சைப் போர்வை விரித்து நடுவில் குழந்தை, சுற்றிவர மாணவர். ஏன் அழுகிறது, எதைப் பார்க்கிறது, இப்போது அதற்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும். குழந்தைதான் அங்கே ஆசிரியர். எங்களிடம் பச்சைப் போர்வை இல்லை, பன்பாய் இருந்தது. வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் உம்மாவுக்கு நாலு மாதக் குழந்தை. "தங்கச்சி, மாசத்துக்கு ஒருக்காக் கொண்டு வாறிங்களா?" என்று கேட்டேன். "கண்ணூறு படும் டீச்சர்" என்றா. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு ஒன்று வைத்துக் கொண்டுவரலாம் என்று சமாதானம் ஆனோம்.

முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளும் சத்தம் போட்டார்கள். குழந்தை வீரிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பிலேயே பெரிய சண்டைக்காரன், யாரையும் தள்ளிவிடுகிறவன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்து, "மெதுவாப் பேசுங்க! அதுக்குக் காது சின்ன!" என்றான். வகுப்பு அமைதியானது. என் இருபது வருடத்தில் நான் கொண்டுவராத அமைதி. இரண்டாம் மாதம் குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்க முடியாமல் முனகியபோது, இருபத்திரண்டு கழுத்தும் சேர்ந்து நிமிர்ந்தன. மூன்றாம் மாதம் ஏன் அழுகிறது என்று கேட்டேன். பசி, வெக்கை, மூத்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். வெறும் பெட்டிக்குள் கைவிட்ட அந்தப் பையன் கடைசியாகச் சொன்னான்: "அதுக்கு வாப்பா தேடுது." குழந்தையின் உம்மா என்னைப் பார்த்தா. அவவுடைய மாப்பிள்ளை இரண்டு நாளாகப் பெற்றோல் வரிசையில். பையனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது ஆகப்போகிறது. எங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள். போன மாதம் தண்ணீர் வாளியடியில் ஒருவனைக் கடித்துவிட்டாள். நல்ல ஆழமான கடி. 'சொறி' சொல்லவில்லை, சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை. அவன் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிடுங்கிய கோப்பையில் தண்ணீர் மொண்டு, பாதியைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை அவனிடம் நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. தட்டிவிட்டான்.

பக்கத்துத் தமிழ் ஊர் முன்பள்ளிக்குப் போன கிழமை அழைப்பு எடுத்தேன். புது டீச்சர், குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் இருந்தது. சிரட்டை அவவிடமும் இருக்கிறதாம். மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

இன்னொன்று. அடுத்த வருடத்துக்கு எங்களுக்கு ஒரு குழந்தை தேவை. மூன்று நாலு மாதமாக இருந்தால் நல்லது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, எந்த ஊரானாலும் சரி, உம்மாவோ அம்மாவோ, மாதத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் வந்து இருக்க முடிந்தால் சொல்லுங்கள். பாய் எங்களிடம் இருக்கிறது.